யார் கேட்ட பாட்டு?

சென்ற தை மாதம் காரைக்குடியில் என் மகன் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். காலையில் ஹோமம், பால் காய்ச்சுவது எல்லாம் முறைப்படி நடந்தது. சாயங்காலம் மொட்டை மாடியில் மகனுடைய சிநேகிதர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் விருந்து. அதற்கு நாலு நாள் முன்னதாகப் பேரன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"தாத்தா, பார்ட்டிக்குப் பாட்டு லிஸ்ட் போட்டிருக்கேன். பாத்துச் சொல்லுங்க."

அறுபது பாட்டு இருந்தது. பாதிக்கு மேல் எனக்குத் தெரியாதவை. ஆனாலும் அவன் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. என் அப்பா காரைக்குடியில் ரேடியோ செட் வைத்திருந்தவர். இன்று சவுண்ட் சர்வீஸ் என்கிறோமே, அதுதான். அதில் ரேடியோவே கிடையாது. இருந்தும் ஊருக்குள் அதற்கு ரேடியோ செட் என்றுதான் பெயர். பள்ளிக்கூடம் விட்டால் நான் அப்பாவோடு போய் ரெக்கார்டு மாற்றிப் போடுவேன். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் பாட்டுப் போட்டிருக்கிறேன். அந்தப் பாட்டை எல்லாம் யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று பேரன் கேட்டபோதுதான் யோசித்தேன். யோசித்ததை எழுதுகிறேன்.

பாட்டுப் பெட்டி வருவதற்கு முந்தைய காலத்திலிருந்து தொடங்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெருவைப் பார்த்து முகப்பு. அதைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றத்தோடு வளவு. அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அப்புறம் சமையல்கட்டு. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் உண்டு. முகப்பு ஆண்கள் உட்கார்ந்து வரவு செலவு பேசும் இடம். பின்கட்டு பெண்களின் இடம். நகரத்தார் கல்யாணங்கள் வீட்டிலேயே நடந்தன. வீடுகளை அத்தனை பெரிதாகக் கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இசையும் இந்த அமைப்பின்படியே இரண்டாகப் பிரிந்திருந்தது. முன்னால் நாதஸ்வரமும் தவிலும். என்ன வாசிப்பது என்று வீட்டுக்காரர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. விடியற்காலை என்றால் பூபாளம், இரவு ஊஞ்சலுக்கு நீலாம்பரி என்று பொழுதே ராகத்தைச் சொல்லிவிடும். திருப்பூட்டும் நேரத்தில் கெட்டிமேளம். முகாரியை அன்று யாரும் தொடமாட்டார்கள். மேளக்காரருக்கு முறை தெரியும். வீட்டுக்காரர் நல்ல மேளமாகப் பார்த்துப் பேசிவிட்டால் போதும்.

பின்கட்டில் தாலாட்டு, நலுங்குப் பாட்டு, கும்மி. அதற்கு மேளமும் இல்லை, சம்பளமும் இல்லை. நகரத்தார் வீட்டுத் தாலாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? பிறந்த குழந்தையின் ஐயா எங்கே கடல் கடந்து போனார், என்ன கொண்டுவந்தார், அம்மான் என்ன சீர் செய்தார் என்று ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகமே அதற்குள் இருக்கும். அதைப் பாடியவர்கள் பெண்கள். எந்த வரி, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம்.

இந்த ஏற்பாட்டைக் கிராமபோன்தான் மாற்றியது. அந்தக் கதையில் காரைக்குடிக்குப் பெரிய பங்கு உண்டு. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1907இல் காரைக்குடியில் பிறந்தவர். அவருடைய அப்பாவின் கடையில் மற்ற சாமான்களோடு கிராமபோன் ரெக்கார்டும் விற்றார்கள். வாங்கி விற்பதைவிட நாமே பாட்டைப் பதிவு செய்து விற்றால் என்ன என்று சென்னைக்குப் போன மெய்யப்பச் செட்டியார், நண்பர்களோடு சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி ஓடியன் ரெக்கார்டுகளைக் கொண்டுவந்தார். பிறகுதான் சினிமா, ஏ.வி.எம். எல்லாம். அத்தனைக்கும் முன்னால் பாட்டு வியாபாரம்.

1930களில் பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்தவர்களின் வீடுகளில் தேக்குத் தூணோடும் பெல்ஜியம் கண்ணாடியோடும் கிராமபோன் பெட்டியும் வந்து சேர்ந்தது. அதற்குக் கரண்டு வேண்டாம். சாவி கொடுத்தால் ஓடும். ரெக்கார்டை எல்லோரும் பிளேட்டு என்றே சொன்னோம். ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம். அரக்கில் செய்தது, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். எஃகு ஊசி தேயத் தேயப் பிளேட்டின் காடியும் தேயும் என்பதால் ஊசியை அடிக்கடி மாற்றவேண்டும். ஆகவே பெட்டியைத் தொடும் உரிமை வீட்டில் ஒருவருக்குத்தான். அநேகமாக அதை வாங்கி வந்தவருக்கு. பொழுது பார்த்து ராகம் என்ற முறை போய், பெட்டிக்காரர் பிரியப்பட்ட பாட்டு என்றானது இங்கேதான்.

அந்தப் பிளேட்டுகளில் பெரும்பாலும் இருந்தது நாடகப் பாட்டு. எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், இருபத்தேழு வயதில் இறந்துபோனார். ஆனால் அந்த உச்சஸ்தாயிக் குரல் அவர் போன பிறகும் பல வருஷம் வீடுகளில் ஒலித்தது. கே.பி. சுந்தராம்பாள், அப்புறம் தியாகராஜ பாகவதர்.

இந்தச் சமயத்தில்தான் கச்சேரி மேடையில் எந்த மொழிப் பாட்டைப் பாடுவது என்று பெரிய சண்டை மூண்டது. அதை முன்னின்று நடத்தியவரும் நம் பக்கத்துக்காரர்தான்: கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். கல்கியும் ரசிகமணி டி.கே.சி.யும் ஆதரித்து எழுதினார்கள். எதிர்த்தும் பெரிய வித்துவான்கள் பேசினார்கள். சபைகளில் இத்தனை வாதம் நடந்தபோது வீட்டுக்குள் பிளேட்டு ஏற்கெனவே தமிழில்தான் பாடிக்கொண்டிருந்தது என்பதை நான் ஒரு வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன். வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். கப்பல் நின்றது. எத்தனையோ பேர் காட்டுவழியாக நடந்து வந்தார்கள்; வராதவர்களும் உண்டு. அதன்பின் பல வீடுகளில் கிராமபோன் பெட்டி துணி போர்த்தி மூலைக்குப் போனது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

யுத்த காலத்தில் மெய்யப்பச் செட்டியார் ஊருக்கே திரும்பி, காரைக்குடிக்குப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947 ஜனவரியில் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகளை அந்தப் படம் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. பாரதி பாட்டை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை அவர் விலைகொடுத்து வாங்கி வைத்திருந்தார். பாரதி பொதுச்சொத்தாக வேண்டும் என்று நாட்டில் குரல் எழுந்தது. உரிமையை அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுத்தார். 1949இல் பாரதி பாட்டு அரசுடைமை ஆயிற்று. ஒரு பாட்டை யார் போடலாம் என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொன்ன காலமும் இருந்தது, அந்தக் கேள்வி எங்கள் ஊர் வழியாகப் போனது என்பதற்காக இதைச் சொன்னேன்.

இனி அப்பா கதை. 1958இல் அவர் செட் வாங்கினார். வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று, ரெக்கார்டு பிளேயர் ஒன்று, குழாய் ஸ்பீக்கர் இரண்டு, மைக் ஒன்று. கரண்டு இல்லாத ஊருக்குப் பாட்டரி. தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டு. எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிப் போவோம். குழாயை வீட்டு மொட்டை மாடியில் மூங்கிலில் கட்டுவோம். ஒன்று கிழக்கே பார்த்து, ஒன்று மேற்கே பார்த்து. எப்போதும் ஊரைப் பார்த்து. ஒருநாளும் வீட்டைப் பார்த்துக் கட்டியதில்லை. ஊருக்குக் கேட்கத்தானே காசு கொடுக்கிறார்கள்!

ரெக்கார்டு போடுவதில் அப்பாவுக்குச் சில கட்டுப்பாடுகள். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு. அடுத்து முருகன் பாட்டு இரண்டு. தாலி கட்டும்வரை காதல் பாட்டு வேண்டாம். பெண் உள்ளே வரும்போது 'சாரதா' படத்தில் மருமகளை வரவேற்கும் பாட்டு. 1962இல் அந்தப் படம் வந்ததிலிருந்து அது இல்லாமல் கல்யாணம் கிடையாது. எழுதியவர் பஞ்சு அருணாசலம், பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர். கண்ணதாசனின் அண்ணன் மகன். கண்ணதாசனின் தத்துவப் பாட்டுகளில் அப்பாவுக்கு உயிர். ஆனால் கல்யாண வீட்டில் அவற்றைப் பெட்டியின் அடியில் ஒளித்து வைப்பார். நான் தெரியாமல் ஒன்றை எடுத்துப் போட்டு, பந்தி நடுவில் வாழ்க்கை நிலையாமை ஊருக்கெல்லாம் கேட்டு, முதுகில் ஒன்று வாங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

1960களின் நடுவில் அரசியலும் சேர்ந்துகொண்டது. இவர் வீட்டில் எம்.ஜி.ஆர். பாட்டு என்றால் அவர் வீட்டில் சிவாஜி. நாகூர் ஹனிபாவின் கழகப் பாட்டைப் போடு என்று மாப்பிள்ளைத் தோழர்கள் ஒருபக்கம், போட்டால் கனெக்‌ஷனைப் பிடுங்குவேன் என்று காங்கிரஸ் பெரியவர் ஒருபக்கம். அப்பா ஹனிபாவின் பக்திப் பாட்டைப் போட்டு இரண்டு பேரையும் சமாளிப்பார்.

இத்தனை பேரும் கேட்டார்களே, எல்லோரும் முகப்பில் நின்றவர்கள். பின்கட்டிலிருந்து ஒரே ஒரு தடவைதான் எங்களிடம் பாட்டுக் கேட்டார்கள்.

1966ஆம் வருஷம், எனக்குப் பன்னிரண்டு வயது. ஊர் பேர் வேண்டாம். பெரிய வீட்டுக் கல்யாணம். முதல் நாள் மாலை ஒரு சின்னப் பிள்ளை வந்து, "எங்க அப்பத்தா உங்களக் கூப்பிடுறாக" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தது. வளவையும் இரண்டாம் கட்டையும் தாண்டிப் போனேன். வெள்ளைச் சேலையில் ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தார். மடியில் துணி சுற்றிய ஒரு பிளேட்டு.

"இது உங்க மிஷின்ல ஓடுமா தம்பி?"

கிட்டப்பா பிளேட்டு. அவர் வீட்டுக்காரர் ரங்கூனிலிருந்து வரும்போது வாங்கி வந்ததாம். 1942இல் அவர் திரும்பவில்லை. பெட்டியும் எப்போதோ பழுதாகி எங்கோ போய்விட்டது. பிளேட்டு மட்டும் ஆச்சியிடம் இருந்திருக்கிறது, இருபத்துநாலு வருஷமாக.

நான் அதை வாங்கி வந்து அப்பாவிடம் கொடுத்தேன். கல்யாண வீட்டுப் பெரியவரிடம் அப்பா ஒரு வார்த்தை கேட்டார். "செத்துப்போன ஆளோட பழைய நாடகப் பாட்டு, கல்யாண வீட்டுல எதுக்குப்பா? ஊரு என்ன சொல்லும்? புதுசாப் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கைம்பெண்ணான ஆச்சி கல்யாணத்தன்று முன்னால் வரமாட்டார் என்பது எப்படி அந்த வீட்டில் யாருக்கும் விசேஷமாகத் தோன்றவில்லையோ, அப்படித்தான் இதுவும்.

மறுநாள் மத்தியானம். பந்தி முடிந்து எல்லோரும் தூணுக்குத் தூண் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார்கள். அப்பா குழாய்களுக்குப் போகும் ஒயரைக் கழற்றினார். மழை வந்தால் வீட்டுக்குள் வைப்பதற்காக ஒரு சின்னப் பெட்டி ஸ்பீக்கர் வைத்திருந்தோம். அதையும் செட்டையும் தூக்கிக்கொண்டு நானும் அவரும் இரண்டாம் கட்டுக்குப் போனோம். மிஷினில் வேகத்தை 78க்கு மாற்றி, சத்தத்தைக் குறைத்து, பிளேட்டைப் போட்டார்.

காடி தேய்ந்து ஒரே கரகரப்பு. அதற்கு அடியில் கிட்டப்பா. ஆச்சி தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாத்திரம் துலக்கிய பெண்கள் இரண்டு பேர் கையை நிறுத்திவிட்டார்கள். மூன்று நிமிஷம். பாட்டு முடிந்தது.

"திருப்பிப் போடப்பா" என்றார் ஆச்சி.

அப்பா பிளேட்டை மறுபக்கம் திருப்பினார். ஆச்சி தலையை ஆட்டி, "அதையே" என்றார். அப்பா மறுபடி அதே பக்கத்தைப் போட்டார். அன்று நாலு தடவை போட்டோம். பிறகு ஆச்சி பிளேட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டார். நன்றி என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் வண்டியில் அப்பா என்னிடம், "இதை வெளிய சொல்லாதே" என்றார். இப்போதுதான் சொல்கிறேன்.

அதற்குள் வேறொரு வழியில் பின்கட்டுக்கும் பாட்டுக் கேட்கும் வாய்ப்பு வந்திருந்தது. 1952இல் மந்திரியான கேஸ்கர், ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தினார். கேட்கிறவர்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். நம் பக்கத்தில் அது பக்கத்து வீட்டில் பாடுவது போலத் தெளிவாகக் கேட்கும். 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்ததே அதற்குப் பதிலாகத்தான். நேயர் விருப்பத்தில் பாட்டைவிடப் பேர்ப்பட்டியல் நீளமாக இருக்கும். அதில் பெண்கள் பேர் எத்தனை! வீட்டில் யாரும் கேட்காததை ஒரு கார்டில் எழுதி முகம் தெரியாத அறிவிப்பாளரிடம் கேட்டார்கள். நான் பிற்பாடு தபால் துறையில் சேர்ந்து முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவன். அந்தக் கார்டுகளின் அருமை எனக்குத் தெரியும்.

1980களில் கேசட் வந்தது. ரெக்கார்டிங் கடையில் துண்டுக் காகிதத்தில் பாட்டு எழுதிக் கொடுத்தால் 60 நிமிஷ, 90 நிமிஷக் கேசட்டில் பதிந்து தருவார்கள். பேரன் போட்ட லிஸ்டின் தாத்தா அந்தத் துண்டுக் காகிதம்தான். அப்பாவின் தொழில் மெல்லப் படுத்தது. 2000இல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றன. அதற்கு முன்பே அப்பா செட்டை விற்றுவிட்டார். நாங்கள் குழாய் கட்டிய வீடுகளில் சில இன்று ஹோட்டல். எங்கிருந்தோ வந்து அங்கே கல்யாணம் செய்கிறார்கள்.

இதையெல்லாம் பேரனிடம் சொல்லி முடித்து, "லிஸ்ட் நல்லா இருக்கு. வீட்ல எல்லாரையும் கேட்டியா?" என்றேன், ஏதோ பெரிய நியாயம் பேசிவிட்ட நினைப்பில்.

அவன் நேரே அடுப்படிக்குப் போய் என் மனைவியைக் கேட்டான். "அப்பத்தா, உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?"

"உங்க தாத்தா என்னைய ஒருநாளும் கேட்டதில்ல" என்று பதில் வந்தது.

எங்கள் கல்யாணம் 1981இல். செட்காரர் வீட்டுக் கல்யாணம் என்பதால் அப்பா நாலு குழாய் கட்டினார். அவள் வண்டியை விட்டு இறங்கி வாசலில் கால் வைக்கும்போது 'சாரதா' பாட்டை நானே ஏற்பாடு செய்து போடச் சொன்னேன். அவளுக்கு அது பெருமையாக இருந்திருக்கும் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். அன்று பேரனிடம் அவள் சொன்னதைக் கேட்டேன். "எங்க அம்மாவ விட்டுட்டு வந்து அழுதுக்கிட்டு எறங்குறேன். காதுக்குள்ள குழா அலறுது. அந்தப் பாட்ட இப்பக் கேட்டாலும் எனக்கு வயித்தப் பெசையும்."

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பதில் எனக்கே தெரியும்.

அவள் கேட்டது இரண்டு. பி. சுசீலா பாடிய ஒரு பாட்டு. எது என்று இங்கே எழுத வேண்டாம் என்கிறாள். இன்னொன்று, பந்தி நடக்கும்போது பாட்டை நிறுத்திவைப்பது. "வந்தவங்களோட நாலு வார்த்தை பேசணும்ல?"

பேரன் லிஸ்டைத் திருத்தினான். கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாக்காரப் பையன்கள், சமையல் மாஸ்டர், என் சம்பந்தி அம்மாள் என்று ஆளுக்கொரு பாட்டுக் கேட்டுச் சேர்த்தான். ஒன்றுக்கொன்று பொருத்தமே இல்லாத லிஸ்ட். என் அப்பா இருந்திருந்தால் வரிசையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். விருந்தில் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பாட்டு இல்லை. ஒரே பேச்சுச் சத்தம். அப்புறம் சுசீலா பாடியபோது மனைவி தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்தபடி சுவரோரம் நின்றுவிட்டாள்.

முடிந்ததும் பேரன், "திருப்பிப் போடவா, அப்பத்தா?" என்றான். அவனுக்கு அந்த ஆச்சி கதை ஞாபகம் இருந்திருக்கிறது.

உங்கள் வீட்டு விசேஷங்களில் பாட்டை யார் தேர்ந்தெடுத்தார்கள்? நினைவிருந்தால் எழுதுங்கள். அதற்கு முன்னால் வீட்டில் ஒருவரை, இதுவரை கேட்காத ஒருவரை, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.